கைபேசிக் காட்டில் ஒரு கண்ணி

 

விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள்; துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள்; அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். ஆனால், பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசிக்குள் என்ன வந்து இறங்குகிறது என்பதை மட்டும் "சும்மா விளையாட்டுத்தானே" என்று ஒரே சொல்லில் விட்டுவிடுகிறோம்.

அண்மையில் ஒரு தாய் மத்ரஸாவுக்கு வந்தார். பீடி சுற்றிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர். "ஹஜரத், என் மகன் இராத்திரி பன்னிரண்டு மணி தாண்டியும் போனில் புலியும் குரங்கும் சுற்றுகிற ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறான். கேட்டால், 'காசு ஒன்றும் கட்டவில்லை உம்மா, இனாமாகக் கொடுத்த நாணயம்தான்' என்கிறான். இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

கூடாது என்று ஒரு சொல்லில் பதில் கூறி அனுப்பியிருக்கலாம். ஆயினும், ஏன் கூடாது என்பது விளங்காத தடை, வளர்ந்த பிள்ளைகளிடம் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே, சந்தையில் ஒரு பொருளை எடைபோடுவது போல, அந்த விளையாட்டையே எடுத்து இவ்விதழில் எடைபோட்டுப் பார்ப்போம்.

மேல் உறை

விளையாட்டைத் திறந்தால் திரையில் மூங்கில் புதர்கள் தெரிகின்றன. பறவைகளின் குரலும் கொட்டுச் சத்தமும் கேட்கின்றன. நடுவே ஐந்து பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று கட்டங்கள். அக்கட்டங்களில் புலி, யானை, குரங்கு, கிளி ஆகியவற்றின் படங்கள். கீழே ஒரு பொத்தான். அதனைத் தொட்டால் பத்திகள் சுழன்று நிற்கும். ஒரே படம் வரிசையாக வந்து அமைந்தால் நாணயம் கிடைக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. இவ்வகைக்கு ஸ்லாட் என்று பெயர்.

இதன் விதிகள் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். எழுத்தறியாதவரும் ஆடலாம், சிறு குழந்தையும் ஆடலாம். "எளிய விளையாட்டு, மூளைக்கு வேலையில்லை, களைப்புத் தீரும்" என்று இதனைப் புகழ்வோர் உண்டு. இந்த எளிமையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

புலியும் யானையும் இந்த விளையாட்டுக்குள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று சக்கரங்கள் சுழலும் ஓர் எந்திரத்தைச் செய்தார். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் சுற்றும். அவற்றில் இருந்தவை குதிரை லாடம், சீட்டுக்கட்டின் குறிகள், மணி ஆகிய படங்கள். பின்னர் அங்கே சூதாட்டத்திற்குத் தடைகள் வந்தபோது, எந்திரக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். "இது சூதாட்ட எந்திரம் அன்று, சூயிங்கம் விற்கும் எந்திரம்" என்று கூறி, மிட்டாயின் சுவையைக் காட்டுவது போல எலுமிச்சை, செர்ரி முதலிய பழங்களின் படங்களை ஒட்டினார்கள். இன்றும் இங்கிலாந்தில் இதற்குப் பழ எந்திரம் என்றே பெயர் வழங்குகிறது.

அன்று பழம், இன்று புலி. உறைதான் மாறியிருக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் சரக்கு மாறவில்லை. சீட்டுக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் தாய், குரங்குப் படத்தைக் கண்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்பது உறை செய்பவனுக்குத் தெரியும்.

மெய்யான காடும் பொய்யான காடும்

பாபநாசத்தில் வாழும் நமக்குக் காடு கதையில் படித்த ஒன்றன்று. வனத்துறையின் சோதனைச் சாவடியைத் தாண்டினால் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அதன் மையப் பகுதி மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர் பரப்பு. சிங்கவால் குரங்கு வாழும் சோலைகள் அங்கே உள்ளன. நம் வயல்களை நனைக்கும் தாமிரபரணி அம்மலைகளிலிருந்துதான் இறங்கி வருகிறது.

அக்காட்டில் பல தலைமுறைகளாக வாழ்பவர்கள் காணி மக்கள். தேன் எடுக்கச் செல்லும் காணிக்காரர், எந்த மரத்தில் எப்பருவத்தில் தேனீ கூடு கட்டும் என்பதை அறிந்திருக்கிறார். அவர் தந்தை சென்ற வழியில் நூறு முறை சென்று கற்றுக்கொண்ட அறிவு அது. நூற்றோராம் முறை செல்லும்போது முதல் முறையைவிட அவர் திறமைசாலியாக இருக்கிறார். அல்லாஹ் படைத்த காடு, உழைப்பவனுக்குக் கற்றுக் கொடுக்கிறது.

கைபேசிக்குள் இருக்கும் காடோ எதையும் கற்றுக் கொடுப்பதில்லை. அதில் ஆயிரம் முறை பொத்தானைத் தொட்டவனும், இன்று முதன்முதலாகத் தொட்டவனும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். "மூன்று முறை புலி வரவில்லை, இனி வந்தே தீரும்" என்று பிள்ளை நினைக்கிறான். ஆனால் அந்த எந்திரத்திற்கு முந்தைய சுழற்சியின் நினைவே கிடையாது. ஒவ்வொரு முறையும் கணினி குருட்டுப் போக்கில் ஓர் எண்ணை எடுக்கிறது. பொத்தானைத் தொட்ட அந்த நொடியிலேயே முடிவு உறுதியாகிவிடுகிறது. அதன் பிறகு சுழல்வதும், மெல்ல நிற்பதும், கொட்டு முழங்குவதும் வெறும் காட்சி. தன் விரலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆடுபவன் நம்புகிறான். ஆனால், அவன் செய்வது பணத்தை எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

சொத்துப் பாகப்பிரிவினையைக் கணக்காகக் கற்றுக் கொடுக்கும் சமுதாயம் நாம். இதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

இத்தகைய விளையாட்டுகளில் "நூற்றுக்குத் தொண்ணூற்றாறு திருப்பித் தருகிறோம்" என்பது போன்ற வாசகம் காணப்படும். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்தானே நஷ்டம்? இங்கேதான் கண்ணி இருக்கிறது. அந்த நான்கு ரூபாய் ஒரு நாளைக்கு அன்று. வைக்கும் ஒவ்வொரு பந்தயத்திற்கும்.

ஒரு சுழற்சிக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நொடிக்கு ஒரு சுழற்சி என்றால், நிமிடத்திற்குப் பத்து. ஒரு மணி நேரத்திற்கு 600. ஆக, ஒரு மணி நேரத்தில் அவன் வைக்கும் பந்தயம் 6,000 ரூபாய். அதில் நூற்றுக்கு நான்கு வீதம் சராசரியாக 240 ரூபாய் எந்திரக்காரனுக்குச் சேர்கிறது. சில நாள் ஆடுபவனுக்கு அதிகம் கிடைக்கலாம். சில நாள் அனைத்தும் போகலாம். ஆனால் ஆட்டம் நீள நீளக் கணக்கு எந்திரக்காரனின் பக்கமே சாய்கிறது. அந்த 240 ரூபாய்க்கு இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் சுற்றி எத்தனை பீடி கட்ட வேண்டும் என்பதைப் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். நூறு ரூபாயை முழுவதும் பந்தயமாக வைத்து, திரும்பி வந்ததை மீண்டும் முழுவதும் வைத்து, இப்படியே சுற்றிவிட்டால், சராசரிக் கணக்கின்படி பதினேழாவது சுற்றில் பாதித் தொகை கரைந்துபோகும். திருடன் ஒரேயடியாக எடுத்தால் கூச்சல் போடுவோம். இவன் உப்புக் கரைவது போலக் கரைக்கிறான். ஆகவே எவரும் கூச்சலிடுவதில்லை.

தொண்ணூற்றாறு என்று அவன் எழுதி வைத்திருப்பதாவது உண்மையா? சட்டத்திற்குப் புறம்பாக எங்கோ வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் விளையாட்டில், அதனைச் சோதித்துப் பார்க்க நமக்கு யார் இருக்கிறார்கள்?

மனத்தைப் பிடிக்கும் தந்திரம்

"நஷ்டம் என்று தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்து வந்து, பின்பு அது நின்றுபோனால், புறா விரைவில் கொத்துவதை விட்டுவிடுகிறது. எப்போது விழும் என்று தெரியாதபடி, சில வேளை விழுந்தும் சில வேளை விழாமலும் இருந்துவந்தாலோ, தானியம் நின்ற பிறகும் அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. சூதாட்ட எந்திரமும் இவ்வாறே மனிதனைப் பிடித்து வைக்கிறது என்று அவரே ஒப்பிட்டு எழுதினார்.

இத்துடன் வேறு இரண்டு தந்திரங்களும் உண்டு. ஒன்று, நான்கு புலிகள் வரிசையாக வந்து, ஐந்தாவது புலி ஒரு கட்டம் கீழே நிற்பது. "அடடா, மயிரிழையில் தவறிவிட்டதே!" என்று மனம் துடிக்கும். தோல்வி தோல்விதான், ஆயினும் அது வெற்றியின் வாசனையோடு வருவதால் அடுத்த சுழற்சிக்கு விரல் தானே போகிறது. மற்றொன்று, இருபது ரூபாய் வைத்தவனுக்கு எட்டு ரூபாய் திரும்பி வரும்போது, கொட்டு முழங்கி, நாணயம் கொட்டுவது போலக் காட்டுவது. பன்னிரண்டு ரூபாயை இழந்தவன் அதை ஜெயித்ததாக எண்ணி மகிழ்கிறான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டப் பழக்கம் ஒரு மனநலக் கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆகவே, இதில் சிக்கியவனைக் கெட்டவன் என்று மட்டும் கூறி ஒதுக்குவது நோயாளியை வீதியில் விடுவதற்கு ஒப்பாகும்.

இனாம் நாணயம் எதற்காக?

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். காசு கட்டாமல் ஆடினால் சூதாகுமா? இழப்பும் ஈட்டமும் இல்லாததைச் சூது என்று எப்படிச் சொல்வது என மகன் வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால், இலட்சக்கணக்கில் செலவு செய்து விளையாட்டை ஆக்கியவன், நாணயத்தை இனாமாக வாரிக் கொடுப்பது எதற்காக என்பதை அம்மகன் சிந்திக்க வேண்டும்.

மீன் பிடிக்கப் போகிறவர் முதலில் இரையைத் தூவுகிறார். இனாம் நாணயத்தின் வேலை, விரலுக்குப் பழக்கம் ஏற்படுத்துவது. இழப்பு வலிக்காது என்று மனத்தை நம்ப வைப்பது. அதில் தோற்றாலும் மறுநாள் காலையில் புதிய நாணயம் கிடைக்கும். ஒருநாள், "இத்தனை நாணயம் ஜெயித்தீர்களே, இது மெய்யான பணமாக இருந்திருந்தால்?" என்று ஓர் அழைப்பு வரும். பழகிய விரல் அந்த அழைப்பையும் தொட்டுவிடும்.

"வா, உன்னோடு சூதாடுகிறேன்" என்று தோழனிடம் கூறியவர், அதற்காகத் தர்மம் செய்ய வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. ஆடியதற்காக அன்று, அழைத்ததற்கே அப்பரிகாரம். அழைப்பே இவ்வளவு கடுமையாகக் கருதப்படும்போது, நாள்தோறும் நள்ளிரவுவரை எடுக்கும் ஒத்திகையை வெறும் விளையாட்டு என்று எப்படித் தள்ளிவிடுவது? தீமைக்கு இட்டுச் செல்லும் வழியையும் அடைப்பது நம் மார்க்கச் சட்டத்தின் முறை.

சட்டத்தின் பார்வை

1968இல் தமிழ்நாட்டில் அரசே லாட்டரியை நடத்தத் தொடங்கியது. ஏழைகளின் கூலி சீட்டாகக் கரைந்த கதையை நம் முந்தைய தலைமுறை அறியும். 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அன்று சீட்டு வாங்கக் கடைக்கு நடக்க வேண்டும். முடிவு தெரியக் காத்திருக்க வேண்டும். இன்று படுக்கையில் கிடந்தபடியே ஆறு நொடியில் முடிவு தெரிகிறது.

இணைய சூதாட்டத்தைத் தடுக்க 2021இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. புதிய மசோதா சட்டப்பேரவையில் 2022 அக்டோபரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமாயிற்று. அதன்படி இணைய சூதாட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

2023 நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் ஸ்லாட் போன்ற, முழுதும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கு அந்த நிழலும் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நடத்தக் கூடாது என்கிறது. ஆயினும், சட்டம் வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. கைபேசியோ படுக்கையறைக்குள் இருக்கிறது.

மைஸிர் என்ற சொல்

திருக்குர்ஆன் சூதாட்டத்தை "மைஸிர்" என்று குறிப்பிடுகிறது. எளிமை என்று பொருள்படும் "யுஸ்ர்" என்ற சொல்லோடு இதனை இணைத்து விளக்குவோர் உண்டு. பாடுபடாமல் எளிதாகக் கைக்கு வரும் பொருள் என்பது கருத்து. எளிய விளையாட்டு என்ற புகழ்ச்சியைக் குறித்து வைக்கச் சொன்னேனல்லவா? எளிமைதான் சூதின் இலட்சணம். கற்க வேண்டியது ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியது இல்லை, களைப்பு இல்லை. ஆகவே நிறுத்துவதற்கும் ஒரு காரணம் இல்லை. பந்து விளையாடும் பிள்ளை கால் வலித்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பொத்தானைத் தொடும் விரலுக்கு வலியே இல்லை.

அக்கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளைக் குலுக்கிச் சூதாடினார்கள். ஜெயித்தவர்கள் அவ்விறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள். சூதில் ஏதோ ஒரு பயன் இருப்பதைக் குர்ஆன் மறுக்கவில்லை. அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் எடைபோட்டுக் காட்டுகிறது. ஏழைக்கு இறைச்சி கிடைத்த சூதே விலக்கப்பட்டதென்றால், ஏழையின் கூலி முகம் தெரியாத ஒருவனுக்குப் போய்ச் சேரும் சூதை என்னவென்பது?

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் சூதை மதுவோடு ஒன்றாக வைத்துத் தடுத்து, அதற்குக் காரணங்களையும் கூறுகின்றன. மனிதர்களிடையே பகையும் வெறுப்பும் மூளும். இறைநினைவும் தொழுகையும் தடைபடும். நள்ளிரவுவரை ஆடிய பிள்ளை ஃபஜ்ருக்கு எழுவானா என்பதையும், உம்மாவின் சுருக்குப்பைப் பணம் குறைந்த வீட்டில் அமைதி இருக்குமா என்பதையும் நாமே கண்டுகொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கவை

எந்த விளையாட்டானாலும் மூன்று கேள்விகளால் எடைபோடுங்கள். ஆட ஆடப் பிள்ளை எதையாவது கற்றுக்கொள்கிறானா? ஆட்டத்திற்கு ஒரு முடிவு உண்டா? தோற்றால் அவன் பொருள் எங்கே போகிறது? காட்டுப் படம் போட்ட இவ்விளையாட்டு மூன்றிலும் தேறவில்லை.

பிள்ளையின் கைபேசியைப் பிடுங்கி உடைப்பதால் பயன் இல்லை. வேறொருவனின் கைபேசியில் ஆடுவான். அருகில் அமர்ந்து, மேலே கூறிய கணக்கை அவன் கையாலேயே போடச் செய்யுங்கள். வங்கிப் பணம் அனுப்பும் இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கணக்கில் பணம் எடுக்கப்படும்போது வரும் குறுஞ்செய்தி, வளைகுடாவிலிருக்கும் வாப்பாவுக்கு மட்டுமன்றி, வீட்டிலிருக்கும் தாய்க்கும் வருமாறு செய்யுங்கள். அதனை வாசிக்கத் தாய்க்குக் கற்றுக் கொடுங்கள்.

ஏற்கெனவே பணத்தை இழந்தவர்கள், இழந்ததை மீட்கிறேன் என்று மீண்டும் ஆடுவதும், கைபேசிக் கடன் செயலிகளில் வட்டிக்கு வாங்குவதும் ஒரு குழியிலிருந்து இரு குழிகளில் விழுவதாகும். வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைக் கூறிவிடுங்கள். சூதின் பலம் இரகசியத்தில் இருக்கிறது. மனம் தாங்காத நிலையில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இணையத்தில் பணம் மோசடி செய்யப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடனில் சிக்கிய இளைஞன் பள்ளிவாசலுக்கு வந்தால், முதல் சொல்லிலேயே அவனை வெட்கப்படுத்தி விடாதீர்கள். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது அதனை மூட நாம் யார்?

இறைவன் நமக்கு மலையைக் கொடுத்தான். வற்றாத ஆற்றைக் கொடுத்தான். உழைக்கக் கையைக் கொடுத்தான். விடுமுறை நாளில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். குரங்கையும் கிளியையும் மரத்தில் காட்டுங்கள். ஹலாலான ஒரு ரூபாயின் பரக்கத்தை அவர்கள் உணர்ந்துகொள்ள வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! நம் வீடுகளையும் நம் பிள்ளைகளின் இரவுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.